ஏழாம் எண்ணின் பேச்சு

மஞ்சள் மார்க்கர் பாதி வரியில் நின்றுவிட்டது. அதுவரை தாளில் கிறீச் கிறீச்சென்று ஓடிக்கொண்டிருந்த சத்தம் அடங்கியதால்தான் நான் நிமிர்ந்தே பார்த்தேன். எதிரே உட்கார்ந்திருந்த பெண்ணின் கண் தாளில்தான் இருந்தது. ஆனால் வரி வரியாக நகரவில்லை.

"அக்கா," என்றாள். "இது எங்க சித்தி லா."

சுபாங் ஜெயாவில் எங்கள் பல்கலைக்கழக நூலகத்தின் இரண்டாம் மாடி. கண்ணாடிச் சுவர் போட்ட சின்ன அறை. மணி பன்னிரண்டுகூட ஆகவில்லை. வெளியே பிள்ளைகள் காதில் வயரை மாட்டிக்கொண்டு படித்துக்கொண்டிருந்தார்கள்.

"யாரு?" என்றேன். கேட்டேனே தவிர, அவள் விரல் எந்த வரிமேல் இருக்கிறது என்று பார்த்ததுமே எனக்குப் பாதி புரிந்துவிட்டது.

அந்த வரியை நான்தான் டைப் செய்திருந்தேன். "நாலு வருஷமா மீட்டர் ஓடுது. பேசஞ்சர் எறங்க மாட்டேங்குறாரு. சில நாளு, எறங்கிட்டா தேவலையேன்னு தோணுது."

இதற்கு முன்னால் நான் யார் என்று சொல்லிவிட வேண்டும். அப்போது எனக்கு நாற்பத்தொரு வயது. வகுப்பில் மற்ற எல்லோருக்கும் இருபத்தொன்று, இருபத்திரண்டு. முதல் நாள் நான் உள்ளே நுழைந்தபோது இரண்டு பையன்கள் எழுந்து "குட் மார்னிங் மிஸ்" என்றார்கள். நானும் விடாமல் "உக்காருங்க" என்றேன். பின்பு அவர்கள் பக்கத்திலேயே போய் உட்கார்ந்ததும் வகுப்பே சிரித்தது.

அதற்கு முன் பதினான்கு வருடம் கிள்ளானில் ஒரு கிளினிக்கில் பதிவுக் கவுன்டரில் இருந்தேன். கவுன்டர் வேலை என்றால் ஐசி என்கிற அடையாள அட்டையை வாங்குவது, நம்பர் கொடுப்பது, திட்டு வாங்குவது. எனக்கு அதில் பிடித்தது ஒன்றுதான்: மனிதர்கள் பேசுவது. "எங்க வலிக்குது அங்கிள்?" என்று கேட்டால், "எங்க வலிக்கலன்னு கேளும்மா, சீக்கிரம் முடிஞ்சிடும்" என்பார் ஒருவர். மகனைப் பற்றி ஓர் ஆன்டி சொன்னார்: "அவன் வீட்டுக்கு வரான்மா. ஆனா வந்து சேர மாட்டேங்குறான்." இப்படிக் காதில் விழுவதையெல்லாம் தேதி முடிந்த அப்பாயின்மென்ட் அட்டைகளின் பின்பக்கத்தில் எழுதி ரப்பர் பேண்ட் போட்டு வைப்பேன். எதற்கு என்று கேட்டால் எனக்குத் தெரியாது. சிலர் தபால்தலை சேர்ப்பதில்லையா, அதுமாதிரி.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு பழைய புத்தகக் கடையில், யாரோ பச்சை மையில் கோடு போட்டுப் படித்த உளவியல் பாடப்புத்தகம் ஒன்று கிடைத்தது. மதிய இடைவேளைகளில் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டு வருடம் அதைப் படித்தேன். கோடு போட்ட ஆள் எட்டாம் பாடத்தோடு நிறுத்திவிட்டார். நான் நிறுத்தவில்லை. அப்படியே ஒன்றிலிருந்து ஒன்று பிடித்து, வேலை அனுபவத்தைக் காட்டி, ஒரு நேர்முகத் தேர்வில் உட்கார்ந்து, கடைசியில் இளங்கலை உளவியல் மாணவியாகிவிட்டேன்.

மூன்றாம் வருடம் எல்லோரும் ஓர் ஆய்வு செய்ய வேண்டும். படுத்த படுக்கையான கணவரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் பெண்களுடைய மனக்கவலை பற்றி நான் எடுத்துக்கொண்டேன். பத்துப் பேரிடம் தமிழில் பேட்டி. ஒவ்வொன்றையும் ஒலிப்பதிவு செய்து, வார்த்தை தவறாமல் எழுதி, பேரை எடுத்துவிட்டு எண் போட வேண்டும். பிறகு வரிவரியாகப் படித்து, எந்த வரியில் என்ன உணர்ச்சி இருக்கிறது என்று ஓரத்தில் குறிக்க வேண்டும். நான் ஒருத்தி மட்டும் குறித்தால் போதாது. என் மனதுக்குத் தோன்றியதையெல்லாம் அவர்கள் வாயில் திணித்துவிடலாமே. அதனால் பத்தில் இரண்டை இன்னொருவர் தனியாகப் படித்துக் குறிக்க வேண்டும். இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார்கள். இதுதான் முறை.

அந்த இன்னொருவருக்குத் தமிழ் படிக்கத் தெரிய வேண்டும். எங்கள் வகுப்பில் தமிழ் பேசுகிறவர்கள் ஐந்து பேர். படிக்கத் தெரிந்தவர்கள் இரண்டு பேர். ஒன்று நான். இன்னொன்று, காப்பாரில் இருந்து வரும் இந்தப் பெண். ஒருநாள் அவள் காடி, மறுநாள் என் காடி என்று இரண்டு வருடமாக ஒரே காரில்தான் வந்துபோனோம். அவளும் ரகசியக் காப்புத் தாளில் கையெழுத்துப் போட்டிருந்தாள். எந்த இரண்டைக் கொடுப்பது என்று ஒரு பிஸ்கட் டின்னில் சீட்டுக் குலுக்கினோம். மூன்று வந்தது. ஏழு வந்தது.

ஏழாம் எண் கிள்ளானில் ஒரு பள்ளிக்கூடக் கண்டீனில் வேலை செய்த அக்கா. ஐம்பதை ஒட்டிய வயது. கணவர் டாக்சி ஓட்டியவர். ஸ்ட்ரோக் வந்து நான்கு வருடமாகப் படுக்கையில். பேச்சு வராது, காது மட்டும் கேட்கும். பிசியோதெரபி மையத்தில் நான் ஒட்டியிருந்த நோட்டீஸைப் பார்த்து அவராகத்தான் கூப்பிட்டார்.

"வீட்டுல வேணாம் தங்கச்சி. அவருக்கு நாக்குல போனது எல்லாம் காதுல வந்து சேந்துருக்கு," என்றார். அதனால் கண்டீன் மூடிய பிறகு, பள்ளிக்கூடத்துப் பின்பக்கம் என் காடியில் உட்கார்ந்து பேசினோம். பக்கத்து வீட்டு ஆன்டி மூன்று மணி வரை கணவரைப் பார்த்துக்கொள்வார். அதற்குள் முடிக்க வேண்டும்.

ஒப்புதல் தாளைப் படித்துக் காட்டினேன். அவர் கவனமாகக் கேட்டார்.

"பேரு வராது?"

"வராதுக்கா. நம்பர்தான்."

"பேரு வராது சரி. பேச்சு வருமா?"

"பேச்சு வரும்க்கா. ஆனா யாரு பேசுனதுன்னு யாருக்கும் தெரியாது."

இதை நான் எவ்வளவு லேசாகச் சொன்னேன் என்பது பதிவிலேயே இருந்தது. பின்னால் அதைத் திரும்பக் கேட்க வேண்டி வந்தது.

அந்த அக்கா பேசிய மாதிரி யாரும் பேசி நான் கேட்டதில்லை. கணவர் நன்றாக இருந்த காலத்திலிருந்தே அவரைப் "பேசஞ்சர்" என்றுதான் கூப்பிடுவாராம். ஊரையே ஏற்றி இறக்குகிறவர் வீட்டுக்கு வந்தால் தட்டு வரும்வரை அசையாமல் உட்கார்ந்திருப்பார், அதனால். நேரமாகிவிட்டது என்பதற்கு "மீட்டர் ஓடுது" என்பார். சிரிக்கச் சிரிக்கப் பேசிக்கொண்டே வந்தவர், "கதவைத் தொறக்குறதுக்கு முன்னாடி என்ன நெனைப்பீங்க?" என்று நான் கேட்டதும் நின்றார். இந்தக் கேள்வியைப் பத்துப் பேரிடமும் கேட்டேன். இவர்தான், சாவியைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்று நூறு வரை எண்ணிவிட்டுத்தான் உள்ளே போவேன் என்றார். அதற்குப் பிறகுதான் அந்த வரி வந்தது. பேசஞ்சர் இறங்கிவிட்டால் தேவலை.

எழுதி முடித்ததும் அடையாளங்களை மாற்ற உட்கார்ந்தேன். ஊர் பேரை எடுத்தேன். டாக்சியை "வாகனம்" ஆக்கினேன். மீட்டரிடம் வந்ததும் கை நின்றது. அதை மாற்றினால் அந்த வரி செத்துவிடும். மாற்றித்தான் பார்த்தேன். "நான்கு வருடமாகச் சுமக்கிறேன், முடிவு தெரியவில்லை." நல்ல தமிழ்தான். ஆனால் அதில் யாருமே இல்லை. பழையபடியே போட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டேன். சட்டையை மாற்றிவிட்டு முகத்தை அப்படியே விட்ட கதை. கவனக்குறைவு என்று பின்னால் அறிக்கையில் எழுதினேன். உண்மையில் ஆசை.

"உங்க சித்தின்னு எப்படிச் சொல்ற?" என்றேன், அந்தக் கண்ணாடி அறையில்.

"எங்க குடும்பத்துல யாரு காதுல சொன்னாலும் கண்டுபிடிச்சிடுவாங்கக்கா. கல்யாண வீட்டுல எல்லாரும் சாப்ட்டு உக்காந்திருந்தா, 'மீட்டர் ஓடுது, கெளம்புங்க'ன்னு சத்தம் போடுறது அவங்கதான். பேசஞ்சர்னா எங்க சித்தப்பா." அவள் குரல் கீழே இறங்கியது. "அப்பாவோட தம்பி."

நான் தாளை இழுத்துக்கொண்டேன். அவள் கையை எடுக்கவில்லை.

"சித்தப்பா சாவணும்னு நெனைக்கிறாங்களா?"

"அப்படிச் சொல்லல."

"எறங்கிட்டா தேவலைன்னா என்னக்கா அர்த்தம்? பஸ் ஸ்டாண்டுலயா எறங்குவாரு?"

சோர்வு, குற்ற உணர்வு, பொறுப்பு என்று பாடப்புத்தகத்தில் அழகான பெயர்கள் இருந்தன. பத்து நிமிடத்துக்கு முன்னால் அவளே அந்தப் பெயர்களை ஓரத்தில் எழுதிக்கொண்டிருந்தாள். இப்போது அவை எதுவும் உதவவில்லை.

"ஞாயித்துக்கிழமைக்கு ஞாயித்துக்கிழமை எங்கப்பா அங்க போவாருக்கா. சித்திய 'நீ சாமி'ம்பாரு. அந்த வீடே எங்கப்பா பேருல உள்ளது. இத கேட்டாருன்னா..."

"நீ சொல்லக்கூடாது. கையெழுத்துப் போட்டிருக்க."

"கையெழுத்து போட்டப்ப எங்க சித்தின்னு தெரியாதே," என்றாள். மார்க்கருக்கு மூடி போட்டாள். அந்த டப்பென்ற சத்தத்துக்கு இரண்டு பேருமே திடுக்கிட்டோம்.

அன்று அவளுடைய காடி. சுபாங்கிலிருந்து கிள்ளான் வரை ஃபெடரல் நெடுஞ்சாலையில் அரை மணி நேரத்துக்கு மேல். வழக்கமாக ஷா ஆலாம் வருவதற்குள் நாங்கள் பாதி லெக்சரர்களை நடித்துக் காட்டி முடித்திருப்போம். அன்று ரேடியோகூடப் போடவில்லை. ஜாமில் மோட்டார் சைக்கிள்கள் இரண்டு பக்கமும் உரசிக்கொண்டு போயின. அவள் ஒரு தடவை "சித்தப்பாவுக்கு என்னைய ரொம்பப் பிடிக்கும்" என்றாள். என் வீட்டு முனையில் இறங்கியபோது நான், "ஞாயித்துக்கிழமை அங்க போவாத. ஏதாச்சும் சாக்கு சொல்லு" என்றேன். அவள் கியரை மாற்றிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

அடுத்த நாளே மேற்பார்வையாளரிடம் போயிருக்க வேண்டும். விதி அதுதான். எனக்கு நன்றாகத் தெரியும். அந்தப் பாடத்தில் நான் நல்ல மதிப்பெண் எடுத்திருந்தேன். ஆனால் ஒப்படைக்க மூன்று வாரம்தான் இருந்தது. ஆய்வு ரத்தாகிவிட்டால்? நாற்பத்தொரு வயதில் திரும்பவும் முதலிலிருந்தா? கவுன்டர் நாற்காலியில் இப்போது வேறு பெண் உட்கார்ந்திருக்கிறாள். புதன் போனது, வியாழன் போனது. வெள்ளிக்கிழமை அவர் அறை வாசல் வரை போய், உள்ளே வேறு மாணவர் இருப்பதைப் பார்த்து நிம்மதியோடு திரும்பினேன். அப்பாடா என்று மூச்சு வந்தது. அந்த மூச்சுக்காக இன்றுவரை வெட்கப்படுகிறேன்.

ஞாயிறு மதியம் வாட்ஸ்அப்பில் ஒரு குரல் செய்தி வந்தது. ஏழாம் எண். பின்னால் குழாய்த் தண்ணீர் ஓடும் சத்தம். வேண்டுமென்றே திறந்துவிட்டுப் பேசியிருக்கிறார்.

"தங்கச்சி, ஒன்னு கேக்கணும். இன்னிக்கு எங்க வீட்டுக்காரரோட அண்ணன் மவ வந்தா. வந்ததும் என்னைக் கட்டிப் புடிச்சுக்கிட்டு ஒரே அழுகை. ஒன்னும் இல்ல சித்தின்னா. போறப்ப வாசல்ல நின்னு கேக்குறா, 'சித்தி, கதவைத் தொறக்குறதுக்கு முன்னாடி என்ன நெனைப்பீங்க'ன்னு." தண்ணீர் கொஞ்ச நேரம் ஓடியது. "அது அவ பேச்சு இல்ல தங்கச்சி. ஒன் பேச்சு."

மூன்று தடவை கேட்டேன். அவர் பேச்சை வைத்து அவரை ஒருத்தி கண்டுபிடித்தாள். என் பேச்சை வைத்து என்னை அவர் கண்டுபிடித்துவிட்டார். "நாளைக்கு வந்து பாக்குறேன்க்கா" என்று மட்டும் பதில் அனுப்பினேன். அவர் படித்துவிட்டதற்கான நீலக் குறி விழுந்தது.

திங்கட்கிழமை காலை எட்டரைக்கெல்லாம் மேற்பார்வையாளர் அறை வாசலில் நின்றேன். அவர் மலாய்க்காரப் பெண்மணி. என்னைவிட ஆறேழு வயது இளையவர். ஆனாலும் நான் டாக்டர் என்றுதான் கூப்பிடுவேன், அவர் என்னைக் காக்கா என்பார். மலாயில் அது அக்கா. பையைக்கூட வைக்கவிடாமல் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் ஒரு தடவைகூடக் குறுக்கிடவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"என்றைக்குத் தெரிந்தது?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"போன செவ்வாய்."

"இன்று திங்கள்."

"ஆமாம் டாக்டர்."

கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "பேரை எடுத்துவிட்டால் ஆள் போய்விடுவார் என்று நினைத்தீர்களா, காக்கா? இந்த வகுப்பிலேயே உங்களுக்குத்தான் காது அதிகம். ஒருவர் பேச்சு எவ்வளவு தூரம் போகும் என்று உங்களுக்கே தெரியவில்லை என்றால் வேறு யாருக்குத் தெரியும்?"

சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். மெதுவாகத்தான் சொன்னார். பிறகு செய்ய வேண்டியதைச் சொன்னார். இன்றே அந்த அம்மாவைப் பார்த்து நடந்ததை மறைக்காமல் சொல்ல வேண்டும். விலகிக்கொள்ள அவருக்கு உரிமை இருக்கிறது என்றும் சொல்ல வேண்டும். இரண்டாவது வாசிப்பாளரை அவர் தனியாகக் கூப்பிட்டுப் பேசுவார். நெறிமுறைக் குழுவுக்கு நான் அறிக்கை எழுத வேண்டும். குழு என்ன முடிவெடுக்கும் என்று அவருக்கே தெரியாது.

"எனக்குப் பட்டம் கிடைக்குமா டாக்டர்?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன்.

"முதலில் அந்த அம்மாவைப் போய்ப் பாருங்கள்," என்றார்.

ஒன்றரை மணிக்குப் பள்ளிக்கூடத்துப் பின்பக்கம் காடியை நிறுத்தினேன். அக்கா கையில் சாப்பாட்டுக் கூடையோடு வந்தார். ஏறி உட்கார்ந்து, கூடையை மடியில் வைத்து, கதவைச் சாத்தினார். முதல் தடவை வந்தபோது "இன்னிக்கு நான்தான் பேசஞ்சரா?" என்று சிரித்துக்கொண்டே ஏறியவர். அன்று "சொல்லு" என்று மட்டும் சொன்னார்.

சொன்னேன். தாளை ஏன் அந்தப் பெண்ணிடம் கொடுத்தேன், அவள் எப்படிக் கண்டுபிடித்தாள், எல்லாவற்றையும். அவள் யார் என்று எனக்கு முன்பே தெரியாது என்பதை மட்டும் இரண்டு தடவை சொன்னேன். தப்பித்துக்கொள்ளத்தான்.

"எவ்வளவு படிச்சா?"

"முக்கால்வாசி."

"நூறு எண்றது?"

"படிச்சிட்டாக்கா."

"பேசஞ்சர் எறங்கலன்னு சொன்னேனே?"

"அதுலதான் நிறுத்துனா."

அவர் கண்ணாடிக்கு வெளியே பார்த்தார். கண்டீன் சுவரோரம் ஒரு பூனை தட்டை நக்கிக்கொண்டிருந்தது. நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"மன்னிப்பெல்லாம் அப்புறம் கேளு. மொதல்ல இதச் சொல்லு. பத்து பொம்பளைங்ககிட்ட பேசுனியே, எல்லார் பேச்சையும் இப்படித்தான் ஊருக்குக் குடுத்தியா? இல்ல, என் பேச்சு மட்டும் ருசியா இருந்துச்சா?"

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "உங்க பேச்சு மட்டுந்தான்க்கா. மாத்த மனசு வரல."

"ம்," என்றார். "அவரு ஸ்ட்ரோக் வந்து கெடக்கறப்ப வந்த சனம் பூரா, எப்படி இருக்காருன்னுதான் கேக்கும். நீ ஒருத்திதான் நீ எப்படி இருக்கேன்னு கேட்ட. அதுல வாய் கழண்டு போச்சு. என் தப்பும் இருக்கு."

"உங்க தப்பு இல்லக்கா."

"நீ சொல்லாத அத."

மணி இரண்டு தாண்டிவிட்டது. மூன்று மணிக்குப் பக்கத்து வீட்டு ஆன்டி கிளம்பிவிடுவார். இன்ஜினை ஓடவிட்டிருந்தேன், ஏசிக்காக. அந்த உறுமல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. கடைசியில் அவர், "அதுல என் கொரல் இருக்குல்ல? போடு" என்றார்.

"எதை?"

"நான் பேசுனத. கேக்கணும்."

போனில் பதிவை எடுத்து இயர்போனை நீட்டினேன். ஒன்றை அவர் வைத்துக்கொண்டார். இன்னொன்றை என் பக்கம் நீட்டி, "நீயும் கேளு" என்றார். நாற்பது நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஆரம்பத்திலேயே வந்தது: 'யாரு பேசுனதுன்னு யாருக்கும் தெரியாது.' என் குரல், கவுன்டரில் நம்பர் கொடுக்கிற அதே குரல். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் ஸ்டியரிங்கைப் பார்த்தேன்.

அப்புறம் அவர் என்னை மறந்துவிட்டார். தன் பேச்சைத் தானே கேட்டு இரண்டு இடத்தில் சிரித்தார். ஒரு இடத்தில் "அட, இத நானா சொன்னேன்" என்றார். நூறு எண்ணும் இடம் வந்தபோது உதடு அசைந்தது. கடைசி வரி வந்ததும் கண்ணை மூடிக்கொண்டார். நான் எதிர்பார்த்த மாதிரி அழவில்லை.

"பொய் இல்ல," என்றார், இயர்போனைக் கழற்றிக்கொண்டே. "சொன்னது பொய் இல்ல. ஆனா எல்லா நாளும் அப்படி இல்ல. அது உன் தாளுல இருக்கா?"

"சில நாளுன்னுதான்க்கா எழுதியிருக்கேன்."

"சரி. அழிச்சிடு."

அவர் கண் முன்னால் போனிலிருந்த பதிவை அழித்தேன். மடிக்கணினியைத் திறந்து, எழுதி வைத்ததையும் ஆங்கில மொழிபெயர்ப்பையும் அழித்தேன். குப்பைக் கூடையில் இருந்ததையும் காலி செய்யச் சொன்னார். பள்ளிக்கூடக் கண்டீனில் இருப்பவருக்குக் குப்பையில் எது மிஞ்சும் என்று தெரியாதா. மஞ்சள் கோடு போட்ட தாள்களை வாங்கி நான்காக மடித்துச் சாப்பாட்டுக் கூடைக்குள் அடியில் வைத்தார்.

பிறகு போனை எடுத்துக் காடியிலேயே ஸ்பீக்கரில் போட்டார். மணி அடித்தது. எனக்கு இறங்கி ஓடிவிடலாம் போலிருந்தது.

"சித்தி?" அந்தப் பெண்ணின் குரல். குரலிலேயே தெரிந்தது, அவளுக்கும் எல்லாம் தெரிந்துவிட்டது என்று. காலையில் டாக்டர் பேசியிருக்க வேண்டும்.

"அப்பாகிட்ட சொன்னியா?"

"இல்ல சித்தி."

"சொல்லப் போறியா?"

லோரி ஒன்று எங்கோ ஹார்ன் அடித்தது, அவள் பக்கமா எங்கள் பக்கமா தெரியவில்லை. அக்கா கூடையின் காதை இறுக்கிப் பிடித்திருந்தார். நான்கு வருடமாக அவர் காத்துவந்த பெயர், இருக்கிற வீடு, ஞாயிற்றுக்கிழமை மரியாதை, எல்லாம் அந்த ஸ்பீக்கரின் சின்ன ஓட்டைகளில் தொங்கிக்கொண்டிருந்தது.

"சனிக்கிழமை நான் வரவா சித்தி?" என்றாள் அவள். "சித்தப்பாவ நான் பாத்துக்கறேன். நீங்க வெளிய போய்ட்டு வாங்க."

"எங்க போறது?"

"எங்கயாச்சும்."

"எங்கயாச்சும்னா எங்க? பாசாருக்கா? நாலு வருஷமா மீனு, காய்கறி வாங்க பாசாருக்குத்தான் போறேன்."

"தெரியல சித்தி. சும்மா... எங்கயாச்சும்."

"கேட்டதுக்கு பதில் சொல்லு. சொல்லப் போறியா?"

"மாட்டேன் சித்தி," என்றாள். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "சத்தியமா மாட்டேன்."

அக்கா மூச்சை விட்டார். அதற்குள் குரல் மாறிவிட்டது, கண்டீனில் பிள்ளைகளை வரிசையில் நிறுத்துகிற குரல். "பத்து மணிக்கு வா. கஞ்சி குடிக்க ஒரு மணி நேரம் ஆவும், அவசரப்படுத்தாத. ஒரு பக்கமா மொறைப்பாரு, பயந்துறாத. அது சிரிப்பு."

வைத்துவிட்டுக் கதவைத் திறந்தார். "உன்னைய நான் இன்னும் மன்னிக்கல," என்றார். "ஆனா, மீட்ட..." என்று ஆரம்பித்து, நிறுத்திக்கொண்டு, "நேரமாச்சு" என்றார். அது என்னைச் சுட்டது. ஒரு மனுஷியை அவருடைய சொந்த வார்த்தைக்கே பயப்பட வைத்துவிட்டேனே என்று வீடு வரும்வரை நினைத்துக்கொண்டே வந்தேன்.

குழு என்னை ஆறு வாரம் காக்கவைத்தது. கடைசியில் கண்டிப்புக் கடிதம் ஒன்றும், ஒரு பருவம் தள்ளி ஒப்படைக்கலாம் என்ற அனுமதியும் வந்தன. ஏழாம் எண்ணை நீக்கிவிட்டு ஒன்பது பேரோடு எழுத வேண்டும். மற்ற ஒன்பது பேருடைய பேச்சையும் முதலிலிருந்து உட்கார்ந்து மாற்றினேன். இந்த முறை கை நிற்கவில்லை. வாய்மொழித் தேர்வில் ஒரு தேர்வாளர் தாளைப் புரட்டிவிட்டு, "உங்களிடம் பேசியவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி பேசுகிறார்களே," என்றார். மேற்பார்வையாளர் மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து என்னைப் பார்த்துத் தலையை லேசாக ஆட்டினார். சாதாரண மதிப்பெண்தான். தேறிவிட்டேன். காப்பார்ப் பெண் எனக்கு ஒரு பருவம் முன்னாலேயே பட்டம் வாங்கிவிட்டாள். அவளும் நானும் பழையபடி பேச ஆரம்பிக்க நாளாயிற்று.

இதை எழுதலாமா என்று அவர்கள் இரண்டு பேரிடமும் கேட்டேன். அவள் சரி என்றாள். அக்கா ஒரு நிபந்தனை போட்டார்: எழுதி முடித்ததும் முதலில் தனக்குத்தான் படித்துக் காட்ட வேண்டும். அதனால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மேலே நடந்தது நடந்ததுதான். ஆனால் அந்தக் கணவர் டாக்சி ஓட்டியவர் அல்ல. அந்த அக்கா கண்டீனிலும் இல்லை. வாசலில் அவர் செய்தது வேறு. மீட்டர், பேசஞ்சர் எல்லாம் நான் உட்கார்ந்து தைத்தது. அவர் உண்மையில் சொன்னது இதைவிட எவ்வளவோ நன்றாக இருக்கும். எனக்கு இன்னும் மனப்பாடமாக இருக்கிறது. என் அட்டைக் கட்டில் அது இல்லை.

போன வாரம் காடியில் உட்கார்ந்து முழுவதையும் படித்துக் காட்டினேன். கண்ணாடியை இறக்கிவிட்டுக் காற்றுவாங்கிக்கொண்டே கேட்டார். சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தார். முடிந்ததும் கண்ணாடியை ஏற்றினார்.

"நூறு வரைக்குமா எண்ணுது?" என்றார். "பாவம் லா அந்தம்மா. யாரு இது?"

"தெரியலக்கா," என்றேன்.